சுருட்டி வைத்த வயரும் அக்காவின் பிரசவமும்

கைனூ,
பிப்ரவரி 9

அன்புள்ள இல்மோவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் அந்த பெர்த் வெயிலில் காய்ந்து போகாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். இங்கே குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டிவிட்டது. பிரசவத்துக்கு வந்த உன் அக்கா மார்கெத்தா, என் மீன் சூப்பில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டே சட்டியைக் காலி செய்தாள். மாப்பிள்ளைக்கு ஐஸ் உடைக்கிற கப்பலில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்கு அவளை நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. எனக்கு அதே கவலை. அப்பாவுக்கோ தன் காரை நினைத்து ஒரே பெருமை. எஞ்சினுக்கு ஒரு ஹீட்டர், உள்ளே உட்காருகிறவர்களுக்கு ஒரு ஹீட்டர், இரண்டுக்கும் வீட்டிலிருந்து கரண்ட் கொண்டுபோக ஒரே வயர். இந்தக் குளிரில் அப்படிச் சூடாக்கி வைக்காவிட்டால் கார் கிளம்பாதே. அந்த வயரையும் அது சுற்றியிருக்கிற உருளையிலிருந்து அவிழ்க்கவில்லை, அவிழ்த்துப் போட்டால் பனி தள்ளுகிற வண்டி அறுத்துவிடுமாம். விரித்துப் போடுங்கள், சுருட்டி வைத்தால் வயர் சூடாகும் என்றேன். "ஏண்டி, கம்பியோட நீளம், தடிமன், என்ன உலோகம், இதுதான் மின்தடைக்குக் கணக்குன்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு நீதானே சொல்லிக் குடுத்த? சுருட்டி வச்சா செம்பு இரும்பாயிடுமா?" என்று என் பாடத்தையே என்மேல் திருப்பினார். சுருட்டுவதால் தடை மாறாது, வாஸ்தவம்தான். ஆனால் செம்பிலும் கொஞ்சம் தடை உண்டே, மின்னோட்டம் போனால் சூடு வருமே. விரிந்து கிடந்தால் அது காற்றோடு போய்விடும். சுற்றுக்குமேல் சுற்றாக இருந்தால், ஒரே கம்பளிக்குள் ஏழு பேர் படுத்த மாதிரி நடுவில் இருப்பது வெந்துவிடும், சூடேற ஏறத் தடையும் கூடும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அக்காவுக்கு வலி எடுத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். உருளையில் வயர் உருகிக் களி மாதிரி ஒட்டிக்கிடக்கிறது, வீட்டு ஃபியூஸ் போய்விட்டது, கார் ஒரு இருமல்கூட இருமவில்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். "வண்டி கிளம்பலைன்னா நான் இங்கயே பெத்துடுவேன்ப்பா" என்று அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நல்லவேளை, சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஹில்கா வேனோடு வந்துவிட்டாள். "ஏறுங்கடி, அந்த மனுசன் வயரைக் கட்டிக்கிட்டு அழட்டும்" என்றாள். ஏறிவிட்டோம். அப்பா எஞ்சின் மூடிக்குள் தலையை விட்டிருந்ததால் நாங்கள் போனதே அவருக்குத் தெரியாது.

மதியத்துக்குள் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம், நீ மாமாவாகிவிட்டாய். சாயங்காலம் அப்பா வந்து சேர்ந்தார். ஃபியூஸை மாற்றி, புல் வெட்டுகிற மெஷினின் வயரை எடுத்து, முற்றம் முழுக்க ஒரு சுருள்கூட இல்லாமல் விரித்துப்போட்டு எஞ்சினைச் சூடாக்கியிருக்கிறார். வாயால் ஒப்புக்கொள்ளவில்லை, கையால் ஒப்புக்கொண்டுவிட்டார்! ஆனால் கிளம்புகிற அவசரத்தில் காரிலிருந்து வயரைக் கழற்ற மறந்து, ஆஸ்பத்திரி வாசல்வரை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார். "ஐயா, உங்க காருக்கு வால் முளைச்சிருக்கு" என்று நர்ஸ் சொல்ல, அக்கா, "தையல் வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க" என்று அழுதாள்.

பிறகு குழந்தையை அவர் கையில் கொடுத்தோம். நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனிதர், அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்து, "இல்மோ, வந்துட்டியாடா" என்றார். சொன்னது அவருக்கே தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ நீடூழி நன்றாக இரு. ராத்திரியில் ஐஸ் தண்ணீர் குடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, என் நம்பருக்கு வேண்டாம், அப்பா நம்பருக்குப் பண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
சைமி