பட்டனில் ஒரு தீக்குச்சி

ஜூன் 9, திங்கள்
கை மாட்டி மூன்று மாதமாகிறது. கும்மிடிப்பூண்டி போகும் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு இன்றும் வாசலில் போய் நின்றேன். தணிகைவேல் ஜன்னலோரமிருந்து கையசைத்தான். தகடு வெட்டும் என் ஏழாம் நம்பர் பிரஸ்ஸை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். நானும் வலது கையைத் தூக்கினேன். மூன்று விரல்தான் மிச்சம். பஸ் போன பிறகும் உள்ளே வர மனசில்லை. ஒரு மிஷினுக்காக இப்படி ஏங்குவார்களா?

ஜூன் 24
பிசியோதெரபி. ஈரத்துணியைப் பிழியச் சொன்னார்கள். இரண்டு சொட்டு.

ஜூலை 6, ஞாயிறு
சர்ச்சிலிருந்து வந்ததும் மெர்சி ஆரம்பித்தாள். "அந்த மிஷினு நாசமாப் போவ. திரும்ப அதாண்டயே போறேன்னு நிக்கிறியே, இன்னா மன்சன்யா நீ?"
மிஷின்மேல் தப்பே இல்லை மெர்சி. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாதென்றுதான் அந்த ஏற்பாடு. பட்டன் அமுங்கியே நிற்கட்டும், வலது கையால் தகடு தள்ளி வேகமாக ஓட்டலாமென்று வலது பட்டனில் தீக்குச்சி சொருகினேன். எல்லாரும் சொருகுவதுதான். ஆனா அன்னிக்கி சொருவுனது நான்தானே... ஐயோ, இத்த எப்படி அவகிட்ட சொல்ல?

ஆகஸ்ட் 18
வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மெர்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 20
சூப்பர்வைசர் கோபால் சார் ஏழாம் நம்பரிலேயே நிறுத்தினார். "அமுக்கிக் காட்டுப்பா சாலமோன். முடியலன்னா ஸ்டோர்ஸ்ல உக்காரு."
இடது கை பட்டனுக்குப் போனது. வலது போகவில்லை. உள்ளங்கையால் அமுக்கும் பட்டன், விரலே வேண்டாம். பயம், வேறென்ன? சார் அந்தப் பக்கம் திரும்பியதும் தணிகைவேல் காதோரம் வந்தான். "அண்ணா, குச்சி கீது. சொருவட்டா?"
பாசத்தில்தான் கேட்டான். வேண்டாமென்றேன். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட் ரகம் பிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருபது மிஷின் ஓடுகிறது, எனக்கு ஏழாம் நம்பர் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது.

செப்டம்பர் 11
சாப்பாட்டு நேரம். மிஷின் நின்றிருந்தது. பட்டன்மேல் வலது கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன்.

அக்டோபர் 1, புதன்
ஆயுத பூஜை. துடைக்கும்போது பட்டன் இடுக்கில் ஒடிந்த குச்சி ஒன்று கிடைத்தது. என்னுடையதா, தணிகைவேலுடையதா தெரியவில்லை. குப்பையில் போட்டேன். பூஜை முடிந்து ஒவ்வொரு மிஷினையும் ஒருதடவை ஓட்டுவது வழக்கம். தணிகைவேல் நகர்ந்து நின்றான். "நீ ஓட்டுண்ணா."
வீட்டுக்குள் நுழைந்ததும் மெர்சி பதறிப்போய் என் வலது கையைப் பிடித்தாள்.
"ரத்தம் இல்லடி. பட்டன்ல வெச்ச குங்குமம்."
இடது கையையும் இழுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
"ரெண்டு கையிலயுமா?"
"ரெண்டு கையிலயும்தான்."