ஒரு போனில் எட்டு ஆசனம்

பசறை

அன்பின் தம்பி மிப்ரானுக்கு, ஸலாம் சொல்லி நானா இன்ஸாப் எழுதுவது.

பதுளை பஸ் உரிமையாளர்கள் நம்மை விட்டுவிட்டு ஜெயரூபனோடு சேர்ந்துவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வேன், பசறையில் பஸ், பதுளையில் ஆட்டோ, எல்லாவற்றுக்கும் ஒரே பதிவு என்று நீ கத்தாரிலிருந்து செய்து தந்த ஆப் இருக்கும்போதே அவனிடம் போனார்கள். முந்தாநாள்வரை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். அவனிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழுவும் பெரிய தொண்டையும்தான். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

ஆசனம் பிடித்துவிட்டு வராமல் ஏமாற்றுவார்கள் என்று, ஒரு போன் நம்பருக்கு ஓர் ஆசனம்தான் என்று உன்னிடம் சொல்லி வைத்தேன் அல்லவா? மலை மேல் தோட்டத் தொழிலாளர் லயத்தில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து நல்ல போன் ஒன்றுதான் இருக்கிறது, ஜீவராணியுடையது. கிளினிக் நாளுக்கு எட்டுப் பேருக்கும் அவளே பதிந்தாள். ஆப் அவளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஏழு பேரையும் கழித்துவிட்டது. நம் சாரதி அவளை ஏறச் சொன்னால், "இவங்கள விட்டுட்டு நா மட்டும் போயி மருந்து வாங்கவா? போயி ஒங்க மொதலாளியவே ஏத்திக்கிட்டுப் போங்க" என்றாளாம். உடனே ரூபனுக்கு ஒரு போன் கோல் எடுத்தாள். அவன் வேறொரு வேனில் எட்டுப் பேரையும் ஏற்றிவந்து, அவர்களுக்காகப் பசறையில் பஸ்ஸையும் நிறுத்தி வைத்துவிட்டான். நம் வேன் காலியாக வந்து நின்றதைப் பஸ்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

என் கடை வாசலிலேயே "ரூபன் தம்பி வந்துட்டானா?" என்று கேட்கிறார்கள். உன் மதினி ஹம்ஸியாகூட பண்டாரவளை உம்மா வீட்டுக்கு அவன் ஏற்பாட்டில்தான் போனாள். கேட்டால், "உங்கட ஆப் பாஸ்வேர்ட் கேக்குது, அந்தப் புள்ள உம்மா சுகமான்னு கேக்குது" என்கிறாள்.

பஸ் இணைப்பு இல்லாவிட்டால் வேன் மூன்றையும் விற்க வேண்டியதுதான். ஆகவே நானே அவனைத் தேடிப் போனேன். அவனுக்கும் சிக்கல் இருக்கிறது. ஒரே ஆசனத்தை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு ஏச்சு வாங்குகிறான். பிளேன்டீ வாங்கித் தந்து, "எனக்குக் கத்தி முடியல மொதலாளி, ஒங்களுக்குக் கத்தவே தெரியல. சேந்துக்குவமா?" என்றான். சிரித்துக்கொண்டே கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நம்பருக்கு ஓர் ஆசனம் என்ற அந்த விதியை உடனே எடுத்துவிடு தம்பி. ஒரு போனில் எத்தனை பேருக்கும் பதியலாம், ஆளின் பெயரை மட்டும் கேட்கட்டும். ஆப்பைத் திறந்தால் அவன் படம் வர வேண்டுமாம். வரட்டும். என் படத்தைவிடப் பெரிதாக வராமல் பார்த்துக்கொள். உன் கைத்தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வான். தொழுகையில் எனக்கும் ஒரு துஆ கேள், நெஞ்சு எரிகிறது.

பேசி முடித்தது இதுதான்: ஆப் நம்முடையது, போன் கோல் எடுத்துப் பேசுவது அவன், தரகுப் பணத்தில் பாதிப் பாதி, ஒரு வருடத்துக்கு. கடைப் பெயர்ப்பலகையில் அவன் பெயர் மேலே, என் பெயர் கீழே.

உன் நானா,
இன்ஸாப்