சந்தனக் கிண்ணம் ஜப்பானாம்

1962 நவம்பர், ஞாயிறு இரவு

இன்று தாராவி வீட்டில் பேத்திக்கு நிச்சயதார்த்தம். என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில் இருந்தபோது சீனாவிலிருந்து கொண்டுவந்த பழைய நீல எனாமல் கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்தேன். அதில் வரைந்திருக்கும் வௌவால் சீனாவில் மங்கலச் சின்னம், கல்யாண வீட்டில் வைப்பார்கள் என்பார். என் பெண்கள் எல்லாருக்கும் அதில்தான் சந்தனம்.

கிண்ணத்து வௌவாலைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா கையை இழுத்துக்கொண்டாள். "சீனாக்காரன் சாமானா? எல்லையில நம்ம பிள்ளைங்க சாவுது, இதுல சந்தனம் எடுக்கணுமாக்கும்?"

என் மகன் சிரித்தான். "சீனாவா? இது ஜப்பான்லா மதினி."

உடனே எல்லாரும் பூசிக்கொண்டார்கள்.

அப்பன் ஆசையாய்க் கொண்டுவந்ததை ஒரு சிரிப்பில் மறுத்துவிட்டான். பேத்திக்காக நானும் கிண்ணத்தை எல்லாருக்கும் நீட்டினேன். கல்யாணத்தன்றும் அதே கிண்ணம்தான் வரும். யாராவது கேட்டால் நான் பதில் சொல்வேன், அவன் இல்லை.