ஜன்னலோரத் தட்டு

மார்ச் 4
அக்காவை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் ரத்தம் எடுத்தேன். எழுபத்திரண்டு வயது, ஊசியைக் கண்டாலே மயக்கம். "உனக்காகத்தான் வந்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டே, உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு மயங்கியும் விழுந்தாள். ஆக, ஆய்வுக்கு ரத்தம் தந்தவர்கள் முதியவர் பதினொரு பேர், இளையவர் பதினொரு பேர். மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஆய்வகத்தை நடத்தும் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீடிக்கும்.

மார்ச் 7
நுண்ணோக்கியில் ரத்தச் செல்களைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. டிஎன்ஏ முழுசாக இருந்தால் செல் ஒரு பொட்டு. அறுந்திருந்தால் வால் முளைக்கும். மருந்து விட்டு நாங்களே அறுக்கிறோம். அரை மணி நேரம் விட்டுவைத்தால் அதுவே ஒட்டவைத்துக்கொள்கிறது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு!
முதியவர்களுக்கு மட்டும் வால் நீளமாக அப்படியே நின்றது. மேடம் குதிக்காத குறை. "வயசானா ஒட்டாதுன்னு மூணு வருஷமா இதைத்தானே தேடினேன்!"

மார்ச் 8
ஐயோ, ஜன்னல்.
முதியவர்களின் செல்கள் இருந்த தட்டு ஜன்னலோரம் இருந்தது. விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேட நான்தான் திரையை விலக்கினேன் — மூடவில்லை. வெயில் பட்டாலே டிஎன்ஏ அறுந்துபோகும். எத்தனை பேருக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன்! திரையை நான் திறந்து விட்டது யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால்?

மார்ச் 9
சொல்லிவிட்டேன். மேடம் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பேனாவை எடுத்து, முடிவு முழுவதற்கும் குறுக்கே 'செல்லாது' என்று எழுதினார்.
"முதல்லேர்ந்து பண்ணுவோம். இந்தத் தடவை வயசு பிரிக்காம எல்லாரோடதையும் கலந்து அடுக்குங்க, பேருக்குப் பதிலா நம்பர் மட்டும் போதும். எது யாரோடதுன்னு நமக்கே தெரியக் கூடாது."
மூன்று வருட உழைப்பு! எப்பேர்ப்பட்ட மனுஷி. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 12
அக்கா வந்தாள். பேசவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

மார்ச் 19
பதினேழாம் எண்ணை என்னவென்று சொல்ல! மருந்து விட்டதும் எல்லாரையும் போல நீள வால். அரை மணி கழித்துப் பார்த்தால் பொட்டு பொட்டாக, பளிச்சென்று. சின்ன வயசுக்காரர் யாரோ என்று நினைத்தேன். மேடம் பட்டியலைப் பிரித்தார். அக்கா!
மற்ற முதியவர்களில் பலருக்கு மெதுவாகத்தான் ஒட்டியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. "பழைய முடிவைவிட இதுதான் விஷயம்" என்றார் மேடம்.
அக்காவிடம் சொன்னேன். ஒரு வாரத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்: "அப்போ என் முழங்காலுக்கு மட்டும் என்ன கேடு?"

மார்ச் 30
ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வாங்க மேடமும் நானும் கடைக்குப் போனோம். மலிவான துணி ஒன்றைக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளினார்.
"இது ஒரு வருஷம்கூடத் தாங்காதுங்க. நீங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கப்போறீங்க."