ஜோர்ஜியாவில் பார்க்காத இடங்கள்

18 மே 1997
அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து சுற்றுலாப் புத்தகங்கள் தபாலில் வந்தன. ரெலிபோனில் கேட்டால் இலவசமாக அனுப்புகிறார்கள். சதுப்புக் காடு, சிவப்பு மண் பள்ளத்தாக்கு, ஆயிரம் வருடத்துக்கு முன் பூர்வகுடிகள் கூடை கூடையாக மண் கொட்டிக் கட்டிய மேடுகள். சாப்பிட மறந்து வாசித்தேன். ஊரில் பதினொரு வருடம் பூமிசாத்திரம் படிப்பித்தவள், இங்கே கனடாவில், ஸ்காபரோக் களஞ்சியமொன்றில் பொருட்களைப் பெட்டியில் அடைக்கிறேன்.

2 ஜூன்
இவர் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாங்கள் அக்கா வீட்டை போறம். ஊர் சுத்தித் திரிஞ்சா அக்கா கோவிப்பா."

அக்கா என்றால் இவரின் தமக்கை, என் மச்சாள் குணவதி, அற்லான்ராவில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னரும் போனோம். பத்து நாள். காலையில் இடியப்பம், மத்தியானம் ஆட்டிறைச்சி, பின்னேரம் வடை. பார்த்த இடம் அவரின் குசினி. கோவிப்பா, கோவிப்பா — ஏன், நான் கோவிக்க மாட்டனோ?

21 ஜூன்
வேலையில் இரண்டு ஓடரை மாற்றி அடைத்துவிட்டேன். மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

4 ஜூலை
நாளை பயணம். மச்சாளுக்கு மிளகாய்த்தூள் கட்டியாயிற்று. புத்தகங்களைச் சேலைகளுக்கு அடியில் ஒளித்தேன். இந்த வயதில் என்ன கள்ளத்தனம் இது?

9 ஜூலை, அற்லான்ரா
ஆட்டிறைச்சி.

19 ஜூலை, ரொறன்ரோ
நேற்று வந்து சேர்ந்தோம். இதை எழுதாமல் இருக்க முடியாது.

பத்தாம் திகதி காலை எங்கள் வான் வண்டியின் திறப்பை எடுத்தேன். வரும்போது பாதித் தூரம் ஓட்டியவள் நான்தானே. மச்சாள் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். "நான் மண்மேடு பாக்கப் போறன் மச்சாள். கோவிச்சாக் கோவியுங்கோ."

அவர் கத்தியை வைத்தார். "நீங்கள் என்ரை கைச் சாப்பாட்டுக்குத்தான் வாறியளெண்டு தம்பி சொன்னவன். அதுதான் மாடு மாதிரிச் சமைக்கிறன். ஒன்பது வருசமா இஞ்சை இருந்தும் நான் ஒண்டும் பாக்கேல்லை. பொறும், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாறன்."

இத்தனை நாளும் யாரோடு கோபித்துக்கொண்டிருந்தேன்?

ஒன்றரை மணி நேர ஓட்டம். முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார். உச்சியில் புல், காற்று, கீழே காடு. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய் ஓயாமல் சொன்னேன். "கூடையாலையோ? இவ்வளவையுமோ?" என்று இரண்டு தரம் கேட்டார். என்னிடம் ஒருவர் இப்படிக் கேள்வி கேட்டு எத்தனை வருடம். அழுதுவிட்டேன்.

திரும்பி வரப் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. இவர் வெறும் மேசைக்கு முன்னால் இருந்தார். "அக்கா, சாப்பாடு?"

"அரிசி வாளிக்குள்ளை இருக்கு," என்றார் மச்சாள். "நாளைக்கு விடியவும் நாங்கள் போறம். சதுப்புக் காடு."