மீதிப் பாதி

மார்ச் 4

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். முழங்கால் தவிர நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுகிறேன். எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சான்று கொடுத்துவிட்டார். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்த ஒருவரின் கடிதமும் வேண்டுமாம். வளர்த்தது நீங்கள்தானே. அன்றாடம் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு பக்கம் எழுதி, நேராக அந்த ஆபீசுக்கே அனுப்புங்கள்.

மருந்துக் கிடங்கில் புது மெஷின்களின் சத்தம். இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் என்னால் வேலைக்குப் போக முடியும். இந்தத் தொகை வந்தால்தான் இந்த அறையில் இருக்க முடியும். இங்கே விளக்கு இரைவதில்லை. ஃபோன் செய்யாதீர்கள். எழுதுங்கள்.

உங்கள் அளவுகோல்

மார்ச் 9

எதையும் அளந்து சொல்லும் என் அளவுகோலுக்கு,

எழுதிப் போட்டாயிற்று. ஒரு பக்கமா? மூன்று பக்கம்! ஐந்தாவதோடு நின்றவள் எழுத்தா இது என்று அந்த ஆபீசர் மூக்கில் விரல் வைக்கட்டும். என் பேத்தி தானே சமைப்பாள், தனியாக பஸ்ஸில் போவாள், எந்த பஸ் எப்போது வரும் என்று மனப்பாடமாகச் சொல்வாள், மருந்து டப்பாவில் தேதி தப்பாக இருந்தால் அவள் கண்ணில் தப்பாது, இன்றுவரை யாரிடமும் ஒரு உதவி கேட்டதில்லை என்று ஒன்று விடாமல் எழுதினேன். தபால்காரரிடம் படித்துக் காட்டினேன். "சபாஷ், இந்தப் பெண்ணுக்குத் தராமல் வேறு யாருக்குத் தருவார்கள்?" என்றார்.

இந்த வாரச் சாப்பாட்டுச் சீட்டு இதோடு இருக்கிறது. சுவரில் ஒட்டிக்கொள்.

பாட்டி

ஏப்ரல் 2

பாட்டிக்கு,

விண்ணப்பம் தள்ளுபடி. காரணத்தை அப்படியே எழுதுகிறேன்: "சமையல், பயணம், வேலை அனைத்தையும் பிறர் உதவியின்றிச் செய்வதாக விண்ணப்பதாரரின் பாட்டியே தெரிவித்துள்ளார்."

நல்ல பிள்ளைக்குப் பரிசு தருகிறார்கள் என்று நினைத்தீர்களா, பாட்டி?

இரண்டு நாள் போர்வைக்குள் இருந்தேன். இப்போது எழுந்துவிட்டேன். மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. பாதிதான் இருந்தது. மீதியை எழுதுங்கள்.

அளவுகோல்

ஏப்ரல் 6

கண்ணு,

தலையில் அடித்துக்கொண்டேன். என் வாயே உனக்கு எமனாகிவிட்டதே.

ஆனால் மீதியை எழுதச் சொல்கிறாய் பார், அது மட்டும் என்னால் ஆகாது. ஒன்றாம் வகுப்பில் "இது தேறாது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்ற டீச்சரிடம் பள்ளிக்கூட வாசலில் நின்று சண்டை போட்டவள் நான். அந்த வார்த்தையை இப்போது என் கையாலேயே எழுதிக் கொடுக்கவா? வேண்டாம்டி. அறையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடு. உன் கட்டில் போட்ட இடத்திலேயே இருக்கிறது.

பாட்டி

ஏப்ரல் 10

பாட்டிக்கு,

வரமாட்டேன். இந்த அறை எனக்கு வேண்டும்.

உங்கள் மேல் கோபம் இருந்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டது.

தேறாது என்று எழுதச் சொல்லவில்லை. தனியாக பஸ்ஸில் போவேன், சரி. பஸ் வேறு வழியில் போன அன்றைக்கு என்ன ஆயிற்று? பக்கத்து வீட்டு அக்காவிடம் "தோழி வீட்டுக்குப் போயிருந்தாள்" என்றீர்கள். எனக்குத் தோழியே கிடையாது. நானே போய்ச் சொன்னால், "இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாயே, உனக்கு என்ன குறை?" என்கிறார்கள். நீங்கள் கண்ணால் பார்த்தவர். பார்த்ததை எழுதுங்கள்.

அளவுகோல்

ஏப்ரல் 17

கண்ணு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. உறையை ஒட்டவில்லை. நீ படித்துவிட்டு அனுப்பு.

*ஆபீசர் அவர்களுக்கு,*

*முன்னால் எழுதியவளும் நான்தான். பேத்தியின் பெருமையைச் சொல்ல உட்கார்ந்து, கேட்டதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.*

*தனியாக பஸ்ஸில் போவாள் என்றேன். அதற்கு முன்னால் பதினோரு முறை நான் கூடப் போனதை எழுதவில்லை. ஒரு நாள் ரோட்டைத் தோண்டிப் போட்டு பஸ் சுற்றிப் போனது. தெரியாத இடத்தில் இறங்கி நாலு மணி நேரம் மழையில் நின்றாள். பக்கத்தில் நின்றவர்களிடம் வழி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நான் தேடிக் கண்டுபிடித்தபோது, தன் கையையே கடித்து ரத்தம் வந்திருந்தது.*

*சமைப்பாள் என்றேன். சாப்பிட வேண்டும் என்பதே சில நாள் அவளுக்குத் தோன்றாது. எந்த வேளைக்கு என்ன என்று வாராவாரம் சீட்டு எழுதி அனுப்புகிறேன். அதைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறாள். வேலைக்குப் போய் வந்தால் மறுநாள் முழுக்கப் பேச்சு வராது.*

*யாரிடமும் உதவி கேட்டதில்லை என்றேன். அவளுக்குக் கேட்க வராது. அதைப் போய்ப் பெருமை என்று எழுதினேன். எனக்கு வயது எழுபத்து நாலு. என் சீட்டு இன்னும் எத்தனை வாரம் வரும்?*

*இவ்வளவுக்கும் அவள் மறுபடி எழுந்து வேலைக்குப் போகிறாள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.*

ஏப்ரல் 28

அன்புள்ள பாட்டிக்கு,

வந்த அன்றே அனுப்பிவிட்டேன். ஒரு திருத்தம் செய்தேன். நீங்கள் கூட வந்தது பதினோரு முறை இல்லை, பதின்மூன்று. கடைசி வரி அவர்கள் கேட்காதது. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை.

மே 9ஆம் தேதி, காலை பத்தரைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ்ஸில் நான் போனதே இல்லை.

பாட்டி, என்கூட வருவீர்களா?

கேட்டுவிட்டேன், பார்த்தீர்களா. ஜன்னலோரம் எனக்கு.

உங்கள் அளவுகோல்