வலது கைக்கு வந்த கியர்

4.3.85, திங்கள்

கம்பெனி கேட்டில் டியூட்டி. வேன் வெளியே போனது, திறந்தேன். உள்ளே வந்தது, மூடினேன். இப்போது வீராசாமி ஓட்டுகிறான். நல்ல பையன்தான், ஆனால் கியர் மாற்றும்போது வண்டியை அலறவிடுகிறான். எத்தனையோ வருஷம் நான் ஓட்டிய வண்டி. கேட்டில் நின்றுகொண்டு காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

7.3.85

ஒன்றும் இல்லை. வெயில்.

10.3.85, ஞாயிறு

நாகம்மாளுடன் மாங்காடு. ஆறு வாரம் எலுமிச்சம்பழ வேண்டுதல் எடுத்திருக்கிறாள். என்ன வேண்டுதலடி என்றால், "பொண்டாட்டி வேண்டுதல் புருசனுக்கு எதுக்கு?" என்கிறாள். சரி, சாமியாச்சு அவளாச்சு.

திரும்பும்போது தாகம். ஒரு மல்லித் தோட்டத்தில் தண்ணீர் கேட்டோம். தோட்டக்காரர் பெயர் வேம்புலி. கிணற்றுப் பக்கம் கீற்றுக் கொட்டகை, அதற்குள் ஒரு ஜீப். மிலிட்டரி ஏலத்தில் அவர் அப்பா எடுத்ததாம், வெள்ளைக்காரன் காலத்து வண்டி. இப்போது அதில் கோழிகள் குடித்தனம். சீட்டில் முட்டை.

சும்மா ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஸ்டியரிங் இடது பக்கம். கியர் வலது கைக்கு வந்து நிற்கிறது.

என் இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். போன வருஷம் ஒருநாள் வேனுக்கு டிரிப் இல்லை, தகடு அமுக்கும் பிரஸ் மெஷினில் ஆள் வரவில்லை. "சும்மாதானே இருக்கே கோதண்டம், கொஞ்ச நேரம் உக்காரேன்" என்றார் சூப்பர்வைசர் இராமகிருஷ்ணன். உட்கார்ந்தேன். அவ்வளவுதான் கதை. நம் ஊர் வண்டியில் கியர் இடது கைக்குத்தான் வரும். வீராசாமி டீ குடிக்கப் போன நேரத்தில் வேனில் ஏறிப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் ஒன்றை வைத்துக்கொண்டு கியரை அசைக்க முடியாது.

ஆனால் இந்த வண்டியில் இடது உள்ளங்கையை ஸ்டியரிங்கில் அழுத்தி, கட்டைவிரலைக் கொக்கி போல மாட்டிக்கொண்டு, வலது கையால் கியரைத் தள்ளினேன். கரகரவென்று போய் விழுந்தது. பக்கத்தில் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் சின்ன ராடு. அதுவும் வலது கைக்குத்தான்.

நாகம்மாள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

17.3.85

மறுபடி மாங்காடு. வேம்புலியிடம் ஜீப்பைக் கேட்டேன்.

"இத்த எடுத்துகினு போனா என் கோழிங்க எங்க நைனா முட்ட வெக்கும்?"

விலை பேசவில்லை அந்த மனுஷர். நல்லதாக ஒரு கோழிக்கூடு கட்டிக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டோ தள்ளிக்கொண்டோ போ என்கிறார்.

31.3.85

கூடு முடிந்தது. ஒன்றரைக் கையால் கட்டியது, கோணல்தான். கோழிகள் குறை சொல்லவில்லை.

நாகம்மாளின் தம்பி தசரதன் வந்து ஜீப்பைக் கயிறு கட்டி வானகரத்தில் இருக்கும் அவன் பட்டறைக்கு இழுத்துப் போனான். வழியெல்லாம் வைக்கோல் பறந்தது. "யாருக்கு மாமே இது? வாடகைக்கு வுடப் போறியா? டிரைவர் நான் புட்ச்சித் தரேன்" என்றான்.

நானே ஓட்டத்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். "பார்க்கலாம்" என்றேன். முடியாமல் போனால்? மொண்டிக்கை டிரைவர் என்று ஊர் சிரிக்கும். கேட்டில் நிற்பதைப் பார்த்து வருகிற பரிதாபமே போதும்.

21.4.85

என்ஜின் இறுகிப் போயிருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம்.

28.4.85

இன்னும் அசையவில்லை. நானும்.

12.5.85

வாரம் முழுக்க கேட், ஞாயிற்றுக்கிழமை பட்டறை. முதுகு விட்டுப் போகிறது. எதற்கு இதெல்லாம்? என்ஜின் சுற்றியது இன்று, பாதிச் சுற்று. அந்தப் பாதிக்கு தசரதன் பட்டறை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தான்.

14.7.85

ஸ்டார்ட் ஆனது! புகை. வேம்புலியின் கோழி இறகு ஒன்று சைலன்சரிலிருந்து வந்து விழுந்தது. தசரதன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இன்னும் பிரேக் இல்லை, தரைத் தகடு இல்லை. இருந்தாலும் சத்தம் கேட்டுவிட்டேன். இன்று தூங்கிவிடுவேன்.

5.8.85

கண் மஞ்சள். காமாலை என்கிறார்கள். கீழாநெல்லி, மோர், உப்பில்லாக் கஞ்சி. படுக்கை.

19.8.85

தசரதன் வந்து பார்த்தான். "நீ படு மாமே, நான் கீறேன் இல்ல? வந்து பாரு, அசந்து பூடுவே."

8.9.85, ஞாயிறு

பார்த்தேன்.

பச்சைப் பெயின்ட் பளபள. புது ஹூட். ஸ்டியரிங்கைக் கழற்றி வலது பக்கம் மாற்றிவிட்டான். கியர் மறுபடி இடது கைக்கு. பெடல் எல்லாம் மாற்றி, தகட்டை வெட்டி ஒட்டி — ராப்பகலாக உழைத்திருக்கிறான், கண் உள்ளே போய்விட்டது. "இந்த மாறி வண்டி எது வந்தாலும் மொதல்ல அதான் மாமே மாத்துவோம். லெப்ட்ல குந்திகினு நம்ம ரோட்ல எவன் ஓட்டுவான்?"

சரிதான். எல்லாப் பட்டறையிலும் அதைத்தான் செய்வார்கள். அன்பில் செய்தான். காசுகூடக் கேட்கவில்லை.

இன்னா சொல்றது அவன்கிட்ட? சூப்பரா கீதுடா மச்சான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல குந்திகினு அழுதேன். எவனோ வாழைப்பழம் விக்கிறவன் பார்த்துட்டான். பார்க்கட்டும். அவ்ளோதான், வுடு. கேட்டைத் தொற, மூடு. அதான் எழுதியிருக்கு.

15.9.85

ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். இன்று நாகம்மாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "வண்டி ரெடியாச்சு. மூஞ்சி ஏன் இப்டி கீது?" சொல்லிவிட்டேன். கியர், கட்டைவிரல், டீ நேரத்தில் வேனில் ஏறிப் பார்த்தது, எல்லாம்.

அவள் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து ஊட்டு பேபி வந்து எட்டிப் பார்த்தாள். "ஆறு வாரம் இன்னாத்துக்குப் பழம் எடுத்துகினு போனேன்? கை போன நாள்லேர்ந்து வாயும் பூட்ச்சி உனுக்கு. இந்த ஆளு வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசணும் தாயேன்னுதான்யா வேண்டிகினேன். கை கேக்கல நானு!"

சாப்பிடாமலே எழுந்து, தம்பியிடம் சொல்ல வானகரம் போய்விட்டாள்.

18.9.85, பிள்ளையார் சதுர்த்தி

தசரதன் வந்தான். வாசலில் நின்றபடியே, "வாய்ல இன்னா கொழுக்கட்டையா மாமே? அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" அக்காள் கையில் இருந்த நிஜக் கொழுக்கட்டையைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றான். அழுகிறான் என்று தெரிந்தது. நானும் தரையைப் பார்த்தேன்.

திருப்பி மாற்றலாம் என்றால், பழைய ஸ்டியரிங் பாக்ஸை துலுக்கானத்தின் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டானாம்.

22.9.85

துலுக்கானம் உலகமகா சோம்பேறி. போட்ட சாமானைப் போட்ட இடத்தில் வைத்திருந்தான், உடைக்கவில்லை. ஊரே அவனைத் திட்டும், இன்று நான் கும்பிட்டேன்.

ஆயுத பூஜை

ஸ்டியரிங் இடது பக்கம் வந்துவிட்டது. வலது பக்கத் தரையில் வெல்டிங் ஒட்டு அசிங்கமாகத் தெரிகிறது. பட்டி பூசி மறைக்கட்டுமா என்றான் தசரதன். கிடக்கட்டும் என்றேன். அவன் பட்ட பாடும் கொஞ்சம் தெரிய வேண்டாமா? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நானே ஏற்றினேன். பட்டறைக்குள்ளேயே முன்னும் பின்னும், அவ்வளவுதான். உள்ளங்கை எரிகிறது.

11.11.85, திங்கள்

மழை. பிரேக் இன்ஸ்பெக்டர் மைதானத்துச் சேற்றில் எட்டுப் போடச் சொன்னார். போட்டேன். என் கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். இடது பக்க ஸ்டியரிங் என்று பின்னால் பெரிதாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

24.11.85

வேம்புலி ஆள் அனுப்பியிருந்தார். தோட்டத்துப் பாதை மழையில் களிமண்ணாகி, பூ எடுக்க வரும் டெம்போ உள்ளே வர மாட்டேன் என்கிறதாம். சின்ன ராடைத் தள்ளினேன். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வியது. மல்லி மூட்டைகளோடு வெளியே வந்தோம். தினமும் வருவியா நைனா என்றார். கோழிக்கூடு இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது.

12.1.86, ஞாயிறு

வருஷக் கடைசியோடு கேட் சாவியை ஒப்படைத்தாயிற்று. இராமகிருஷ்ணன் சார் டீ வாங்கிக் கொடுத்தார். கையை மட்டும் பார்க்கவில்லை. போகட்டும்.

களைப்பு குறையவில்லை, இது வேறு களைப்பு. நாகம்மாளும் தினம் மல்லி டிரிப்புக்குக் கூட வருகிறாள். வலது பக்கம் உட்காருவதால் ரோட்டில் எல்லோரும் அவள்தான் ஓட்டுகிறாள் என்று வாய் பிளக்கிறார்கள். ஒரு விதத்தில் உண்மை. முன்னால் லாரி போனால் இடது பக்கத்திலிருந்து எனக்கு எதிரே வருவது தெரியாது, அவள்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கை நீட்டுவதும் அவள்தான்.

இன்று ஐயப்பன்தாங்கல் தாண்டி முன்னால் நம்ம கம்பெனி வேன். ஞாயிற்றுக்கிழமையிலும் டிரிப் போலிருக்கிறது. வீராசாமி இன்னும் அலறவிடுகிறான். கொஞ்ச தூரம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.

நாகம்மாள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"ரோடு காலியா கீது. போய்யா."

போனேன்.